சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள்

முதல் நாள் அவளுடைய நாற்காலியைச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் பெண்கள் எல்லோரும் திடீரென்று விரிப்பு மடிப்பதில் மிகுந்த கவனமாகிவிட்டார்கள். அவள் நாற்காலியைத் தூக்கி வந்து மேற்பார்வையாளர் மேசைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலியின் ஒரு கால் ஆடியது. அதையும் யாரோ பார்த்துத்தான் பொறுக்கியிருக்க வேண்டும்.

புகுந்த வீட்டில் மூத்த மருமகள் என்பதால் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தவள் சின்னவள். மாமியார் வைத்த பெயர்கள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர்கள் போகவில்லை. ஓரகத்திகள் இருவரும் ஒரே சலவை நிலையத்தில் வேலை பார்த்ததால் அங்கேயும் அவையே ஒட்டிக்கொண்டன. முதலில் சேர்ந்தது பெரியவள். முதலாளியிடம் சொல்லிச் சின்னவளைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அந்த உதவியில்தான் எல்லாம் கெட்டது என்று சின்னவள் சொல்வாள்.

"சேர்த்துவிட்டேன், சேர்த்துவிட்டேன்னு வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாம இருந்திருக்காங்களா, கேட்டுப் பாருங்க."

உண்மைதான். பெரியவளுக்குச் சொல்லிக் காட்டும் குணம் உண்டு.

அது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடம். கட்டடத்தின் நடுவே தரையிலிருந்து கூரைவரை ஒரு சுவர். பெரிய சலவை இயந்திரங்களைச் சுவருக்குள்ளேயே பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. இந்தப் பக்கத்துக் கதவு வழியாக அழுக்குத் துணி உள்ளே போகும். அந்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளுத்த துணி வெளியே வரும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. சோப்பு, மருந்து, அலசல் எல்லாம் முடிந்ததும் கடைசியில் கொதிநீர் ஓட்டம் உண்டு. நோய்க்கிருமி சாவது அதில்தான். அந்தச் சூடு குறையாமல், நடுவில் நிற்காமல், முழு நேரமும் இருந்தால்தான் சுத்தப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும், கதவின் பூட்டு விடும். நடுவில் மின்சாரம் போனால் திரும்பவும் முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். அவசரத்துக்குத் திறக்க ஒரு சாவி இருந்தது. இயந்திரத்துக்குள் ஏதாவது சிக்கினாலோ புகை வந்தாலோ திறப்பதற்கு என்று கொடுத்த சாவி. அது மேற்பார்வையாளரின் இடுப்பில் இருக்கும்.

சுவரின் இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், நீலக் கோட்டு. அந்தப் பக்கம் சுத்தப் பக்கம், வெள்ளைக் கோட்டு. வாசலே வேறு. குளியலறை வேறு. சாப்பிடும் அறையும் வேறு. கிருமி பரவக் கூடாது என்பதற்காக வகுத்த ஏற்பாடுதான். ஆனால் நாளாக ஆக அது துணியைப் பற்றிய ஏற்பாடாக இல்லாமல் ஆளைப் பற்றியதாகிவிட்டது. குளித்து, உடை மாற்றி, தெருவில் நின்று டீ குடிக்கும்போதும் நீலக் கோட்டுக்காரி வந்தால் வெள்ளைக் கோட்டுக்காரிகள் கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள். ஓரகத்திகள் ஒரே வீட்டின் இரண்டு பகுதிகளில் இருந்தார்கள், ஒரே தொட்டியில் தண்ணீர் பிடித்தார்கள். காலையில் தெருமுனைவரை ஒன்றாகத்தான் நடப்பார்கள். முனை திரும்பியதும் சின்னவள் நடையை வேகப்படுத்திவிடுவாள்.

பெரியவள் இருந்தது அழுக்குப் பக்கம். மூட்டையைப் பிரித்து, உதறி, தரம் பார்த்து, இயந்திரத்துக்குள் தள்ளுகிற வேலை. மூட்டைக்குள் எதுவும் இருக்கும். கத்தரிக்கோல், பல்செட், பாதி கடித்த பழம், அழைப்பு வந்து அலறிக்கொண்டிருக்கும் கைப்பேசி. ஒருமுறை ஊசி இருந்தது. அவள் கட்டைவிரலில் ஏறியது. ரத்தம் எடுத்துப் பார்த்து, மறுபடி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அத்தனை மாதமும் அவள் தன் பிள்ளைகளின் தட்டில் கை வைக்கவில்லை. கணவர்தான் பரிமாறினார். அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர், வாயைத் திறந்து அதிகம் பேசாதவர். "ஒண்ணும் இருக்காது விடு" என்பது அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல். அதையே எல்லா நோய்க்கும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் மூட்டையைத் தொடும் விதம் மாறியது. அவள் வேலை நேரத்தில் இரும்புச் சாமான் எதுவும் இயந்திரத்துக்குள் போனதில்லை. கூட வேலை பார்த்தவர் ஒரு வயதானவர். நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருப்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். "இந்தம்மா கையில விஜிலன்ஸ் ஆபீஸ் இருக்கு" என்பார்.

பிறகு தோள் போனது. மூட்டை தூக்கித் தூக்கி வலது கை காதுவரைகூட உயராமல் நின்றுவிட்டது. தலை வாரவே இடது கை. சுத்தப் பக்கத்தில் மேற்பார்வையாளராக இருந்த அம்மாள் மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லி வேலையிலிருந்து நின்றபோது முதலாளி பெரியவளைக் கூப்பிட்டார்.

"மூணு மாசம் பாரு. சரிவந்தா நிரந்தரம். இல்லேன்னா அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேச ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அழுக்குப் பக்கத்தில் அவள் இடத்துக்கு ஏற்கெனவே வேறொரு பெண்ணை எடுத்தாயிற்று. அந்தத் தோளை வைத்துக்கொண்டு வேறு எங்கும் யாரும் வேலை தரமாட்டார்கள். முன்னால் அந்த நாற்காலி, பின்னால் வீடு. நடுவில் எதுவும் கிடையாது.

அந்த நாற்காலியைச் சின்னவள் தன்னுடையதாகவே நினைத்திருந்தாள். மடிப்பு மேசையில் மூத்தவள் அவள்தான். விரிப்பின் நான்கு முனையையும் ஒரே உதறலில் சேர்க்கக் கூடியவள். முந்தைய அம்மாள் போகும்போது அவள் தோளைத் தட்டி, "நீதானே இனிமே" என்றுகூடச் சொல்லியிருந்தார். வந்தது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அதுவும் ஓரகத்தி.

அன்றிலிருந்து சின்னவள் வேலையிடத்தில் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றாள். சொல்லும் விதத்தில் அந்தச் சொல் வசவாகிவிடும். பெரியவள் ஒரு விரிப்பைத் தொட்டால், "மேடம், கை கழுவியாச்சா?" என்பாள். அவள் மேசையிலிருந்து எழுந்து போனதும் கிருமிநாசினி போட்டு மேசையைத் துடைப்பார்கள், அவள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து துடைப்பார்கள். மத்தியானம் சாப்பாட்டறைக்குள் போனால் பெஞ்சில் டப்பாக்களைப் பரப்பி இடம் பிடித்திருப்பார்கள். அவள் மேசையிலேயே சாப்பிட்டாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. முதல் வாரத்திலேயே மடித்து அடுக்கிய கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, கறை இருந்த ஒன்றுக்காகக் கட்டு முழுவதையும் திரும்ப மடிக்கச் சொன்னாள். கத்திச் சொன்னாள். இயந்திரச் சத்தத்தில் வேலை பார்த்துப் பழகிய தொண்டை அது, மெல்லப் பேசத் தெரியாது. தேய்க்கும் இயந்திரத்தில் நிற்கும் பெண் உடனே, "இது ஒண்ணும் மூட்டை இல்ல மேடம், மனுசங்க" என்றாள். அறை சிரித்தது. பெரியவள் முகம் கறுத்துப் போனது. ஆனால் மறுநாளிலிருந்து கறையைக் கண்டால் அந்த ஒன்றை மட்டும் உருவி மடித்தவள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். குரலை அடக்கக் கற்றுக்கொள்ள அவளுக்கு வெகுநாள் ஆயிற்று.

அழுக்குப் பக்கத்தில் காற்றை இழுத்துத் தள்ளும் மின்விசிறி கெட்டுக் கிடந்தது. முதலாளியோடு மல்லுக்கு நின்று முதலில் அதைச் சரிசெய்தாள். "பாத்தீங்களா, ரத்தம் எங்க ஓடுதுன்னு" என்றது சுத்தப் பக்கம். நாள் முழுவதும் நின்று மடிப்பவர்களுக்கு முதுகு ஒடிகிறதே என்று பிறகு இங்கே ஸ்டூல் வாங்கிப் போட்டாள். சுவரில் துணிச் சீட்டு கொடுத்து வாங்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ரேடியோ அதில் முகத்தை நுழைத்து, "அங்க உக்கார ஸ்டூலு, இங்க சாய மூட்டை. நல்லா இரும்மா, மகாராணி" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தவர்களும் நன்றி சொல்லவில்லை. "உக்காந்தா வேகம் குறையும், அப்புறம் அதைச் சொல்லியே நம்மளத் தூக்கலாம்னு பிளான்" என்று சின்னவள் விளக்கம் சொன்னாள்.

வீட்டிலும் விடிவில்லை. இரண்டு பகுதிக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். சின்னவள் தன் கணவரிடம் பேசுவதைப் பெரியவள் கேட்க வேண்டும் என்ற அளவு குரலில் பேசுவாள். அண்ணனும் தம்பியும் மட்டும் எதுவும் நடக்காதது போல வாசலில் உட்கார்ந்து கேரம் ஆடினார்கள்.

"உங்க தம்பி பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நான் கேட்டா அவன் உன்னக் கேப்பான். அப்புறம் ஆட்டம் நின்னுபோகும்."

இப்படித்தான் முதல் இரண்டு மாதம் போயிற்று. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் காலை, மின்சாரம் போனது.

இரண்டாவது இயந்திரத்தில் அப்போதுதான் கொதிநீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் பிடித்து விளக்குகள் வந்தன. இயந்திரம் சூட்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. வெளியே ஆஸ்பத்திரி வேன் நின்றது. டிரைவர் ஹாரனில் கை வைத்தால் எடுக்காத ஆள்.

"முடியப்போற நேரத்துல போச்சு" என்றாள் சின்னவள். "சாவியக் குடுங்க மேடம், எடுத்துக் காய வெச்சிடலாம்."

"விளக்கு வரட்டும்."

"வேன் போயிடும். கட்டு குறையுதுன்னு முதலாளி குதிப்பாரு. நாங்க எல்லாம் மேடத்தைக் காட்டிக் கையை நீட்டுவோம், பரவாயில்லையா?"

ஹாரன் அடித்தது. தேய்க்கும் பெண் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றாள். எல்லோரும் நின்றார்கள். அத்தனை பேரும் பெரியவள் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு மாதமாக அவளைப் பார்க்காமலே வேலை செய்தவர்கள். யாரோ பின்னாலிருந்து, "அழுக்குப் பக்கத்துக்காரங்களுக்கு எதுலயும் சந்தேகம்தான்" என்றார்கள்.

பெரியவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். முக்கால்வாசிச் சூடு ஆகியிருந்தது. சோப்பு ஓடியாயிற்று. மருந்தும் ஓடியாயிற்று. அவளுக்கு நன்றாகவே தெரியும், இந்தக் கணக்கு கணக்கே இல்லை என்று. இருந்தும் கை இடுப்புக்குப் போயிற்று. சாவியை எடுத்துச் சின்னவள் கையில் வைத்தாள்.

கதவு திறந்தது. ஆவி பறக்க, வெள்ளை வெளேர் என்று துணி சரிந்து வந்தது. காய்ந்தது, தேய்ந்தது, மடிந்தது, மற்றக் கட்டுகளோடு கலந்து வேனில் ஏறியது. ஹாரன் தெருவைத் தாண்டி ஓய்ந்தது.

மத்தியானம் அவள் மேசையில் டப்பாவைத் திறந்தபோது தேய்க்கும் பெண் வந்து நின்றாள். "என்ன மேடம் தனியா? உள்ள வாங்க." சாப்பாட்டறையில் பெஞ்சில் டப்பாக்களை ஒதுக்கி இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள்.

"இன்னிக்குத்தான் நம்ம பக்கத்து ஆளாயிருக்கீங்க" என்றாள் சின்னவள், பாதி கேலியாக, பாதி நிஜமாக. "முன்னாடி இருந்த அம்மா இப்படித்தான், கரண்ட் போனா சாவியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. நீங்கதான் என்னமோ கருவறைச் சாவி மாதிரி கட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்க."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து வாயில் போட்ட சோற்றுக்கு ருசி தெரிந்தது.

கை கழுவி வந்து சீட்டு வாங்க ஜன்னலைத் தள்ளினாள். மறுபக்கம் ரேடியோ நின்றிருந்தார். அழுக்குப் பக்கத்துக் கதவில் வட்டக் கண்ணாடி உண்டு. அதன் வழியாக உள்ளே துணி இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

"ரெண்டாவது மிஷின் சீக்கிரம் காலியாயிடுச்சு போல."

அவள் சீட்டுக்குக் கையை நீட்டினாள்.

"அதுல போட்டது சிவப்புப் பைம்மா."

சிவப்புப் பை தொற்றுநோய் வார்டிலிருந்து வருவது. அதைப் பிரிக்கும்போது இரண்டு கையுறை, முகமூடி. பல வருடம் அவள் கையாலேயே பிரித்தவை. சுத்தப் பக்கத்தில் எந்தப் பை எதில் போனது என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு எல்லாமே வெள்ளையாகத்தான் வரும்.

"சரி விடு. எனக்கென்ன? நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றார் ரேடியோ. பிறகு குரல் மாறியது. "அந்தப் பக்கம் போனா கண்ணும் மாறிடும்னு சொல்வாங்க. நான் நம்பல. இப்ப நம்புறேன்." ஜன்னலைச் சாத்திவிட்டார்.

அவள் அங்கேயே நின்றாள். கட்டைவிரலை மற்ற விரல்களால் மூடிக்கொண்டு நின்றாள். அவர் சொல்லமாட்டார், நிச்சயமாகச் சொல்லமாட்டார். சின்னவளும் சொல்லமாட்டாள். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி அவளுடையது. ஒருவேளை யாருக்கும் எதுவும் ஆகாமலும் போகலாம். யார் விரிப்பில் யார் படுத்தார்கள் என்று யார் கண்டது?

சாப்பாட்டறைக்குத் திரும்பிப் போனாள். பாதிப் பேர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவதுல இருந்தது சிவப்புப் பைத் துணி. நான் சாவியைக் குடுத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி இன்னிக்குப் போனதையெல்லாம் திருப்பி வாங்கப் போறேன். மொதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுப் பண்ணலாம்னு வந்தேன்."

மெல்லுவது நின்றது.

"அக்கா, பைத்தியம் புடிச்சிருக்கா உங்களுக்கு?" சின்னவள் தன்னை மறந்து அக்கா என்றுவிட்டாள். "அது சலவை ஆன துணி. சோப்பு, மருந்து எல்லாம் ஓடின துணி. இத்தனை வருசமா எத்தனை தடவை இப்படித் தொறந்திருக்கோம்? ஆஸ்பத்திரி என்ன இடிஞ்சா விழுந்துச்சு?"

"விழுந்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"எல்லாரும் ஞாயித்துக்கிழமை வந்து மறுபடி வெளுக்கணும், தெரியுமில்ல? என் புள்ளைக்கு அன்னிக்குத்தான் லீவு" என்றாள் தேய்க்கும் பெண்.

"தெரியும். நானும் வருவேன்."

"நீங்க வந்து? ஒரு கையால மடிப்பீங்களா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் மேசைக்குப் போய்ப் போனை எடுத்தாள். பின்னால் டப்பாக்கள் மூடும் சத்தம் கேட்டது, அறைந்து மூடும் சத்தம்.

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கு நர்ஸ் முதலில் நம்பவில்லை.

"என்னம்மா சொல்றீங்க? பாதி வார்டுல விரிச்சாச்சு."

"எடுத்துடுங்க சிஸ்டர்."

"எந்தக் கட்டுன்னு சொல்லுங்க, அதை மட்டும் அனுப்பறேன்."

"கலந்துபோச்சு. பிரிக்க முடியாது. இன்னிக்கு வந்தது பூரா வேணும்."

"பாக்க நல்லாத்தானே இருக்கு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கும் சிஸ்டர்."

மறுமுனையிலிருந்து வசவு வந்தது. குழந்தைகள் வார்டில் மாற்று விரிப்பு இல்லை, தாய்மார்களை எழுப்ப வேண்டும், பெரிய டாக்டர் கேட்டால் யார் பதில் சொல்வது. பெரியவள் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டாள்.

மாலையில் வேன் திரும்பி வந்தபோது முதலாளியும் வந்துவிட்டார். கட்டுகள் வாசலிலேயே மலையாகக் குவிந்தன. மொத்தமும் சுத்தப் பக்கத்துக்குள் வர முடியாது, அழுக்குப் பக்கம்தான் போக வேண்டும். காலையில் தங்கள் கையால் மடித்த துணியை நீலக் கோட்டுகள் உதறிப் பிரித்து உள்ளே தள்ளுவதை வெள்ளைக் கோட்டுகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முதலாளி பெரியவளின் மேசைமீது கையை ஊன்றி நின்றார்.

"போன் பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல?"

"சொல்லியிருந்தா பண்ண வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில ஆள் அனுப்பிச் சோதனை போடப் போறாங்களாம். வேற இடம் பாக்கப் போறாங்களாம். யார் தொறந்தது கதவை?"

"சாவி என்கிட்ட இருந்தது. நான் குடுத்தேன்."

"அதைக் கேக்கல. தொறந்தது யாரு?"

"சாவியக் குடுத்த அப்புறம் தொறந்த கை யாருதா இருந்தா என்ன? கேக்கறதை என்னைக் கேளுங்க."

சின்னவள் மடிப்பு மேசையைவிட்டு முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நான்தான் தொறந்தேன். நான்தான் குடுக்கச் சொல்லி நச்சரிச்சேன். இவங்க ஒண்ணும் எனக்காகப் பூசி மெழுக வேணாம். வேலைக்குச் சேர்த்துவிட்டதையே இத்தனை வருசம் சொல்லிக் காட்டியாச்சு. இதையும் சேத்து இன்னொரு இருபது வருசம் என்னால கேக்க முடியாது."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ முதல்முறையாக வாய்மூடி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். பெரியவளிடம் ஒருவரும் பேசவில்லை. அவள் இடது கையால் மடித்தாள். அவள் மடித்ததைச் சின்னவள் எடுத்துப் பிரித்து, உதறி, திரும்ப மடித்து வைத்தாள், ஒவ்வொன்றையும். பெரியவள் கத்தவில்லை. அன்று வேலை முடியும் நேரத்தில் முதலாளி வந்தார்.

"சாவியை வை" என்றார்.

அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். இடுப்பில் அது இருந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். மறுநாள் காலையில் எழுந்து எங்கே போவது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை. முதலாளி சாவியைச் சின்னவள் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே நீ பாத்துக்க."

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். தேய்க்கும் பெண் கைதட்டத் தயாராகவே இருந்தாள். சின்னவள் சாவியைக் கையில் எடுத்தாள். இரண்டு மாதமாக அவள் கண் போன இடமெல்லாம் அதுதான். புரட்டிப் பார்த்தாள்.

"அடுத்த தடவை கரண்ட் போனா?"

"போனா என்ன? பாத்துச் செய்."

"பாத்துன்னா? தொறக்கணுமா, கூடாதா?"

"அது சூழ்நிலையப் பொறுத்தது."

"வேன் நின்னு ஹாரன் அடிக்குது. விளக்கு வரல. சூழ்நிலை இதுதான். தொறக்கட்டுமா வேணாமா, சொல்லுங்க."

"எல்லாத்தையும் நானே சொல்லணும்னா நீ எதுக்கு?"

"அப்ப, தொறந்து ஏதாவது ஆனா என் தலை. தொறக்காம வேன் லேட்டானாலும் என் தலை. நீங்க மட்டும் சூழ்நிலை."

சின்னவள் கையிலிருந்த சாவியையும் பெரியவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை. சாவியை மேசைமேல் திரும்பப் போட்டாள். சத்தம் வரும்படி போட்டாள்.

"எனக்கு வேணாம். இது அவங்களுக்குத்தான் சரி. திட்டு வாங்கியே ஊறின உடம்பு. நான் கீழ இருந்து திட்டிக்கிட்டே வேலை பாத்துக்கறேன். எனக்கு அதுதான் சௌகரியம்."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். முதலாளி, "உங்க ரெண்டு பேர் வீட்டுச் சண்டையில என் கம்பெனி நாறுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சாவியை எடுத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அது மேசைமேலேயே கிடந்தது. பிறகு பெரியவள் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே துணியைத் தொடர்ந்து அனுப்பினார்கள். சாப்பாட்டறையில் டப்பாக்கள் பழையபடி பெஞ்சில் பரந்தன. நாற்காலிக் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. வீட்டில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பேச்சும் நிற்கவில்லை.

மழை பிடித்த ஒரு காலையில் மறுபடி மின்சாரம் போனது. கொதிநீர் ஓட்டம் பாதியில் நின்று, திரும்பத் தொடங்கியது. வெளியே ஹாரன். யாரும் சாவி கேட்கவில்லை. சின்னவள் ஒரு ஸ்டூலை இழுத்து விளக்குக்குக் கீழே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டிரைவர் பொறுக்க முடியாமல் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, சாவி ஒண்ணு இருக்குமே? தொறந்து குடுங்க, எனக்கு நேரமாகுது."

"இருக்கு. அதோ அவங்க இடுப்புல இருக்கு. தைரியம் இருந்தா போய்க் கேளு" என்றாள் சின்னவள். "கேட்டேன்னா, நேத்து நீ ஏத்திட்டுப் போனதையும் சேத்துத் திருப்பி வாங்கிடுவாங்க."

டிரைவர் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் அவரைப் பார்த்தாள். அவர் வேனுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஹாரன் அடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் பச்சை விளக்கு எரிந்தது. சின்னவள் எழுந்து ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

"மேடம், தொறக்கலாமா? இல்ல, அதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணுமா?"

"திற" என்றாள் பெரியவள்.